முந்தானையில் நெய்த ஆராய்ச்சி

மச்சான்,

இன்றைக்குக் காலையில் ஓரிக்கையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சளை அப்பியிருந்தார்கள். பிரித்ததும் வாசனை மூக்கில் ஏறியது. மணமகன் பெயருக்குக் கீழே அடைப்புக்குறி போட்டு 'ஆராய்ச்சி மாணவர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். இந்தத் தாலுகாவில் அந்தச் சொல்லை முதன்முதலில் வாயால் சொன்னவன் நான். இவர்கள் அதை வெறும் காகிதத்தில் போட்டுவிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் பட்டில் போட்டவன். ஜரிகையில் போட்டவன். இதை யாரிடம் சொல்லிக் குமுறுவது? உங்களிடம் சொல்லலாம் என்றால் நீங்கள் இல்லை. இருந்தபோதும் நீங்கள் பதில் சொன்னதில்லை, அது வேறு விஷயம். எதிரில் ஒரு முகமாவது இருக்கும்.

என் அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஒரு சின்னக் குடத்தில் பிடித்து வைத்திருக்கலாம். நகராட்சியில் உங்களுக்குத் தண்ணீர் திறக்கிற வேலை. நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருப்புவீர்கள். பெண்கள் குடத்தோடு நின்று கத்துவார்கள்: "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் லேட்டு? உங்க பொஞ்சாதி தெருன்னா இப்படி உடுவீங்களா?" நீங்கள் திருப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். நானாக இருந்தால் அந்தப் பெண்களுக்குப் பாலாற்றின் பிறப்பிலிருந்து ஆரம்பித்து விளக்கியிருப்பேன். தண்ணீர் வந்து நின்றிருந்தாலும் அவர்கள் நகர்ந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட உங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை. நம் தணிகாசலத்தின் படிப்பைப் பற்றி ஊருக்குத் தெரிவிக்கும் பொறுப்பு தாய்மாமன் என்கிற முறையில் என் தலையில் விழுந்தது. நகராட்சிப் பள்ளியில் அவன் வகுப்பில் முதலாவது வந்தான். நான் ஜில்லாவிலேயே முதலாவது என்று சொன்னேன். ஜில்லாவில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் மாமன்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் பேசிக்கொள்ளட்டும். பிறகு ஊரிலேயே பி.எஸ்ஸி. கணக்கு. மெட்ராஸில் எம்.எஸ்ஸி. அதற்குமேல் ஒரு எம்.டெக். அது முடிந்து வேலைக்குப் போவான் என்று பார்த்தால், கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி என்று உட்கார்ந்துவிட்டான். கணக்கு எங்கள் வழியில் வந்த சொத்து. நான் எட்டாம் வகுப்போடு நின்றது கணக்கு வாத்தியார் பொறாமையால். இல்லையென்றால் எனக்குப் பின்னாலும் நான்கைந்து எழுத்து தொங்கியிருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். நீங்கள் உடன் வர மறுத்துவிட்டீர்கள், "தண்ணி யார் தொறக்கறது?" என்று. அது ஒரு கல்யாண மண்டபம் நிறைய இருந்தது. சரி, ஒரு பெரிய அறை நிறைய. சித்திரை வெயிலில் உள்ளே அப்படி ஒரு குளிர். சுவரோரம் நின்ற பீரோக்களில் டேப்புகள் வண்டிச் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். ஊரில் அதன் பொத்தானை அழுத்திவிட்டு வந்ததாகச் சொன்னேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போனவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அப்போது தணிகையின் ஆராய்ச்சி, ஏராளமான விவரங்களை அந்த டேப்புகளில் சீக்கிரமாக வரிசைப்படுத்துவது எப்படி என்பது. ஜரிகைக் கடை பாய் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "இன்னாபா, உன் மருமவன் இன்னும் படிச்சிக்கினே இருக்குதா? எங்க ஊட்டுல அந்த வயசுல மூணு புள்ளைங்க."

"பாய், உலகத்துல இருக்கிற மொத்த சேதியும் ஒரே குப்பையா கொட்டிக் கெடக்குது. அத எங்க மருமவன் வரிசையா அடுக்கிக்கினு இருக்கறான். முடிஞ்சதும் மொத தகவல் உங்களுக்குத்தான்."

"மொத்த உலகமும்னா கொஞ்சம் நாளாவும்பா," என்று அவர் தராசைப் பார்ப்பார்.

பாய் பரவாயில்லை. தெருவில் மற்றவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான். "ஓட்டை போட்ட அட்டைய உட்டுத்தான் அந்த மிஷினு ஓடுதாமே? எங்க தறியிலயும் பூ எடுக்க அதே அட்டைதான இருக்குது?" தணிகை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொருவருக்கும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டி அலுத்துப்போனான். உங்கள் பிள்ளை அல்லவா, இல்லை என்று சொல்லவும் வாய் வராது.

இந்தச் சமயத்தில்தான் முசரவாக்கத்துச் சம்பந்தம் வந்தது. தூரத்து உறவு, நெல் விளைகிற குடும்பம். பெண் மல்லிகா ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தணிகை நடந்துகொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கவே மறக்கிற பையன், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றான். பெண்ணின் அப்பா மட்டும் கடைசிவரை முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தார். அந்த முசரவாக்கத்தார் கேட்டது ஒன்றே ஒன்று.

"இருவத்தேழு வயசாவுது. இன்னும் எத்தினி வருசம் படிக்கும் உங்க புள்ள? அத்த சொல்லுங்க. அறுப்பு எப்பன்னு தெரியாத பயிருக்கு நான் தண்ணி கட்ட முடியாது."

நீங்கள் தொண்டையைச் சரிசெய்தீர்கள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "தை பொறந்தா பட்டம் கைல. மெட்ராசுல தொப்பி தைக்கக் குடுத்தாச்சுங்க." அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் தட்டு மாற்றச் சம்மதித்தார். ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம். அந்த இடத்தில் உங்களைப் பேசவிட்டிருந்தால், "தெரியல" என்று சொல்லியிருப்பீர்கள். சம்பந்தம் அன்றைக்கே வாசலோடு போயிருக்கும்.

எங்கள் தெருவில், மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டுத் தறியிலிருந்துதான் கூரைப்புடவை போக வேண்டும். முந்தானையில் இரண்டு பெயரையும் நெய்வது எல்லாரும் செய்கிறதுதான். எல்லாரும் செய்கிறதை நான் ஏன் செய்ய வேண்டும்? தமிழ் ஐயாவிடம் போய்ச் சொல் வாங்கிவந்தேன். வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக எழுத்தை வரைந்தேன். அரக்கு உடல், இலைப் பச்சைக் கரை, முந்தானையில் அசல் ஜரிகையில்: 'கணிப்பொறியில் செய்திகளை வரிசைப்படுத்தும் முறைகள் – ஆராய்ச்சி: தணிகாசலம், எம்.டெக்.' முதலில் 'உலகச் செய்திகளை' என்றுதான் வைத்திருந்தேன். இடம் போதாமல் உலகத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தறியில் வேறு வேலை இல்லை. ரி என்கிற எழுத்து இருக்கிறதே, அதன் தலைச் சுழிக்கு நான் பட்ட பாட்டில் ஒருவன் பட்டமே வாங்கிவிடலாம்.

சாயங்காலத் தண்ணீரை மூடிவிட்டு நீங்கள் தினமும் தறிக்கூடத்துக்கு வந்தீர்கள். வழக்கமாக வராதவர். தூணில் சாய்ந்து நிற்பீர்கள். எழுத்து எழுத்தாக வளர்வதைப் பார்ப்பீர்கள். புடவை பிடித்துப்போய் ரசிக்கிறீர்கள் என்று நினைத்து, நான் அதன் சிறப்புகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் புடவையைத் தறியிலிருந்து அறுத்தோம். தணிகை மெட்ராஸிலிருந்து வந்திருந்தான். முந்தானையை அவன் முன்னால் விரித்தேன். ஒரு நிமிடம் குனிந்து படித்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"மாமா, இது இப்ப என் தலைப்பு இல்லியே."

"தலைப்பு இல்லன்னா?"

"வெளிநாட்டுல ஒருத்தர் இதே முறைய ஏற்கெனவே கண்டுபுடிச்சு எழுதிட்டாரு. எங்க வாத்தியார் இத உட்டுட்டு வேற எடுக்கச் சொல்லிட்டாரு. ஆவணியிலயே. இனிமே புதுசா ஆரம்பிச்சு முடிக்கணும். ரெண்டு வருசமாவது ஆவும்." பிறகு உங்கள் பக்கம் திரும்பினான். "அப்பா, மாமாகிட்ட சொல்லலியா? நானே சொல்லிக்கறேன்னீங்களே?"

நீங்கள் தூணோடு தூணாக நின்றீர்கள். "தினம் வந்தேன்," என்றீர்கள்.

"வந்தா? வாய் எங்க போச்சு மச்சான்?"

"நீ பேசிக்கினு இருந்தே."

இதற்கு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். இருமியிருக்கலாம். என் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அந்த இரும்புச் சாவியால் என் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். ஒரு மனிதன் வீட்டில் நெருப்புப் பிடித்தால், பக்கத்து வீட்டுக்காரன் பேச்சை முடிக்கட்டும் என்று வாசலில் காத்திருப்பானா? நீங்கள் காத்திருப்பீர்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறு புடவை நெய்ய நாள் இல்லை. நான் உடனே ஒரு வழி கண்டுபிடித்தேன்; முந்தானையை உள்பக்கமாக மடித்து, கரை மட்டும் தெரிகிற மாதிரி தட்டில் வைத்துவிடலாம், கல்யாணம் முடியட்டும், தலைப்பு மாறியதை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். தணிகை புடவையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஆராய்ச்சியை விட்டுவிட்டு எங்காவது வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அக்காவிடம் அன்று ராத்திரி சொன்னானாம். உங்களிடமும் சொன்னான் என்று அக்கா சொன்னாள். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்களோ, யாருக்குத் தெரியும்? ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நிச்சயத்தன்று முசரவாக்கத்து வீட்டில் கூட்டமான கூட்டம். என் மடிப்பு அருமையாக இருந்தது. பெண்ணின் அத்தை ஒருத்தி, "பட்டுக்கு மொகமே முந்தானை தானேம்மா, அத்த ஏன் ஒளிச்சு வச்சுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே இழுத்து விரித்தாள். முசரவாக்கத்தார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். கூட்டம் ஆஹா என்றது. என் ரி நின்ற அழகு அப்படி.

"நல்லாருக்குதுங்க," என்றார் அவர். "தையில முடிஞ்சுடுமில்ல?"

"முடியாம?" என்று நான் ஆரம்பித்தேன்.

"முடியாது," என்றீர்கள் நீங்கள்.

வீடே திரும்பிப் பார்த்தது. நீங்கள் ஒரு சபையில் வாயைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றுகொண்டீர்கள், கையைக் கட்டிக்கொண்டு.

"புடவையில கீறது பழைய வேலை. அத்த வேற ஒருத்தர் முந்திக்கினாரு. பையன் இப்ப புதுசா வேற எடுத்துக்கீறான். ரெண்டு வருசம் ஆவும். மேலயும் ஆவலாம். தெரிஞ்சப்பறம் தட்டு மாத்துங்க."

"புதுசுன்னா? இன்னா வேலை அது?" என்றார் முசரவாக்கத்தார்.

"ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குச் சேதி போவுது. வழியில ஒண்ணு ரெண்டு எழுத்து கெட்டுப்பூடுது. எது கெட்டதுன்னு வாங்கிக்கறவனே கண்டுபுடிச்சுத் திருத்திக்கணும். அதுக்கு வழி பாக்கறான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவ்வளவுதான். மாதக்கணக்கில் நான் கட்டியெழுப்பியதை இப்படி ஒரு மூச்சில் சாய்த்துவிட்டீர்கள். முசரவாக்கத்தார் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். தணிகை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் உங்கள் காதில் பல்லைக் கடித்தேன்: "இன்னா மச்சான் இது? குடியக் கெடுத்துட்டீங்களே!"

"கேட்டாங்க. சொன்னேன்."

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சேதி, எழுத்து, திருத்துவது. பிறகு தணிகையே சொன்னான். ஒவ்வொரு ஞாயிறு சாயங்காலமும் அவன் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பஸ் நிலையம்வரை நீங்கள் உருட்டிக்கொண்டே நடப்பீர்களாம். வழியெல்லாம் அவன் பேசுவானாம். புரியாத இடத்தில் நின்றுவிடுவீர்களாம். அவன் வேறு மாதிரி சொன்ன பிறகுதான் சைக்கிள் நகருமாம். இப்படி எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டீர்களோ. பக்கத்துத் தெருவில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தானே?

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புகிறேன். பின்கட்டில் பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. "வேணாம்னு சொல்லிடு அண்ணே," என்று ஒரு தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. அப்போது மல்லிகா அறை வாசலில் வந்து நின்றாள். தணிகையைப் பார்க்கவில்லை, உங்களையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"மாமா, புடவையில எழுதியிருக்கிற வேலைய அவுரு செஞ்சாரா, செய்யலியா?"

"செஞ்சான்மா. ரெண்டு வருசம் ராப்பகலா செஞ்சான்."

"அப்ப பொய் இல்லியே. நான் இதையே கட்டிக்கறேன். புதுசு முடியறப்ப முடியட்டும். எனக்கு ஸ்கூல்ல வேலை வந்துடும்."

அத்தை "அடி ஆத்தே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முசரவாக்கத்தார் பின்கட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம்தான், முகத்தில் தெரிந்தது. உங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பொண்ணே சொல்லிட்டப்பறம் நான் இன்னாத்த சொல்றது? உண்ம பேசறவரு ஒருத்தராவது அந்த ஊட்டுல கீறாரு," என்று சொல்லிக்கொண்டே பாயில் உட்கார்ந்து தட்டை இழுத்தார். கடைசி வாக்கியத்தை ஏனோ என் பக்கம் திரும்பிச் சொன்னார். சம்பந்தி ஆகப்போகிறவர் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சம்பந்தத்தைக் காப்பாற்றியது உங்கள் உண்மை என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அந்தப் பெண் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னது எதை? நான் நெய்த புடவையை. இதை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கலாம். தை மாதத்தில் அவள் அதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த தணிகையின் வாத்தியார் முந்தானையைப் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "கைவிட்ட ஆராய்ச்சிக்கு இவ்வளவு மரியாதை யாரும் செய்ததில்லை," என்றார். உலகத்திலேயே இல்லை என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் என்றீர்கள், நான்கு வருடம் ஆனது. மல்லிகா பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சம்பாதித்தாள், தணிகை சேதியைத் திருத்திக்கொண்டிருந்தான். உங்களுக்கு அவசரம். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டே வால்வைத் திருப்பிவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தீர்கள். பிள்ளை முடிக்கட்டும் என்றாவது காத்திருந்தீர்களா? பேச்சை முடிக்கக் காத்திருக்கத் தெரிந்த மனிதருக்கு இதற்குக் காத்திருக்கத் தெரியவில்லை. கடைசி நாளிலும் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன் மச்சான், சத்தியமாக. நீங்கள்தான் சொல்லவில்லை.

நீங்கள் போன மறு சித்திரையில் தணிகைக்குப் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு. தகப்பன் ஸ்தானத்தில் நான் போனேன். உள்ளே பெரிய பெரிய வாத்தியார்கள் அவனைக் கேள்வி கேட்டார்கள். கதவு சாத்தியிருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், யாருக்கோ மாமனாராம். "பையன் எதில் ஆராய்ச்சி?" என்று கேட்டார். வாயில் எனக்கு உலகமெல்லாம் தயாராக இருந்தது. ராணுவ ரகசியம், சந்திர மண்டலம், டெல்லியிலிருந்து தந்தி, எல்லாமே நாக்கு நுனியில். ஆனால் வந்தது வேறு. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சேதி போகிறது. வழியில் ஒன்றிரண்டு எழுத்து கெட்டுப்போகிறது. எது கெட்டது என்று வாங்கிக்கொள்கிறவனே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு வழி பார்க்கிறான்.

பெரியவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். யாரும் என் பேச்சுக்கு அப்படி உடனே தலையாட்டி நான் பார்த்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து இதே கதைதான். ஜரிகைக் கடையில் கேட்டாலும், சலூனில் கேட்டாலும், டாக்டர் தணிகாசலம் என்ன கண்டுபிடித்தார் என்று எவன் கேட்டாலும் முதலில் அதுதான் வருகிறது. நான் தொட்டு ஜரிகை ஒட்டாமல் விட்டது இந்தப் பிறவியில் அது ஒன்றுதான். ஒரு எழுத்தைக்கூட மாற்றுவதில்லை, மச்சான். நீங்கள் அந்த வீட்டில் எழுந்து நின்று சொன்னபடியே சொல்லி முடிக்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறதெல்லாம் என்னுடையது. அதை நிறுத்த உங்களாலும் முடியாது.